பகுதி மேலேயா, கீழேயா? கணக்கு வாத்தியார் பதில்கள்

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு, தமிழ் மீடியம். பக்கத்து வீட்டுப் பையன் மலையாள மீடியம். சாயங்காலம் இருவரும் எங்கள் திண்ணையில்தான் படிக்கிறார்கள். பின்னத்தில் இவள் ‘தொகுதி, பகுதி’ என்கிறாள், அவன் ‘அம்சம், சேதம்’ என்கிறான். இப்போது எது மேலே, எது கீழே என்று இவளுக்கே குழம்பிவிட்டது. தனித்தனியாக உட்கார வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா, பிரிக்காதீர்கள். சித்தூர் தாலுகாவில் நான் பாடம் நடத்திய காலமெல்லாம் இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் மந்தம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மலையாளத்தில் அம்சம் என்றால் பங்கு, அது மேலே நிற்கும் எண். நாம் பேச்சில் பங்கு என்ற பொருளில் சொல்லும் ‘பகுதி’யோ, கணக்கில் கீழே நிற்கும் எண். பங்கு மேலே என்று அவன் சொல்வதைக் கேட்டால் இவள் பகுதியை மேலே ஏற்றத்தானே செய்வாள்? சேதம் என்றால் அவனுக்கு வெட்டு, இவள் காதில் அது ஏதோ உடைந்துபோனது போல விழும்.

ஒரு நேந்திரம்பழமும் கத்தியும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சமத் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் நுனித் துண்டைச் சின்னதாக விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். துண்டுகள் சமமாக இல்லாவிட்டால் அதைக் கால் என்று சொல்ல முடியாது. “எத்தனையாகப் பகுத்தாய்?” என்று மகளிடம் கேளுங்கள். நான்கு. அது பகுதி, கீழே எழுதட்டும். “அதில் எத்தனையைத் தொகுத்து எடுத்தாய்?” மூன்று. அது தொகுதி, மேலே. அதே பழத்தைக் காட்டி, எத்தனையாக வெட்டினோம் என்று பையனிடம் கேட்டால் நான்கு என்பான், அவனுக்கு அது சேதம். இருவர் நோட்டிலும் 3/4 என்றுதான் இருக்கும்.

பழம் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் வெட்டி, ஏழு துண்டு எடுக்கச் சொல்லுங்கள். 7/4. பகுதியைவிடத் தொகுதி பெரிது, ஆகவே தகா பின்னம். 3/4 தகு பின்னம். ஏழு துண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முழுப் பழமும் முக்காலும். இதுதான் கலப்புப் பின்னம். கடையில் ‘ஒன்றேமுக்கால் கிலோ’ என்று நீங்கள் கேட்பதும் கலப்புப் பின்னம்தான். பெயர் மட்டும்தான் அவளுக்குப் புதிது.

கேள்வி: மீப்பெரு பொதுக் காரணி சின்ன எண்ணாக வருகிறது. மீச்சிறு பொது மடங்கு பெரிய எண்ணாக வருகிறது. பெயரை மாற்றி வைத்துவிட்டார்களா? (ஏழாம் வகுப்பு மாணவன், வேலந்தாவளம்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. இதைக் கேட்காமலே பத்தாம் வகுப்பு வரை போய்விடுகிறவர்கள் உண்டு. நீ ‘மீப்பெரு’வையே பார்க்கிறாய். பெயரின் கடைசிச் சொல்லை முதலில் பார். காரணி என்றால் ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண், அது அந்த எண்ணைத் தாண்டவே முடியாது. 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. அத்தோடு முடிந்தது. மடங்குகளோ 12, 24, 36 என்று போய்க்கொண்டே இருக்கும், முடிவே கிடையாது. 12, 18 இரண்டுக்கும் பொதுவான காரணிகள் 1, 2, 3, 6. இவற்றில் பெரியது 6. பொது மடங்குகள் 36, 72, 108 என்று நீளும். அவற்றில் சிறியது 36. சரிபார்க்க ஒரு வழி: 6-ஐ 36-ஆல் பெருக்கினால் 216, 12-ஐ 18-ஆல் பெருக்கினாலும் 216. எந்த இரண்டு எண்ணுக்கும் இது பொருந்தும். மூன்று எண்களுக்கு இதைப் போட்டுப் பார்த்து ஏமாறாதே. மலையாள வகுப்பு நண்பர்கள் ல.சா.கு. என்றால் உன் மீ.சி.ம., உ.சா.க. என்றால் மீ.பெ.கா.

கேள்வி: மகளுக்குச் சுற்றளவும் பரப்பளவும் மாறி மாறி வருகிறது. மலையாளத்திலும் இதே சொற்கள்தானே? (தென்னந்தோப்புக்காரர், மீனாட்சிபுரம்)

பதில்: ஆமாம், இங்கே சொல்லால் சிக்கல் இல்லை. தோப்புக்கே கூட்டிப் போங்கள். 20 மீட்டருக்கு 20 மீட்டர் ஒரு துண்டு, 30-க்கு 10 இன்னொரு துண்டு என்று கயிறு பிடித்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வேலிக் கம்பி ஒரு சுற்றுக்கு 80 மீட்டர்தான். நிலமோ முதலாவது 400 சதுர மீட்டர், இரண்டாவது 300. வேலி போடுகிறவர் கேட்பது சுற்றளவு, ஆதாரத்தில், அதாவது நிலப் பத்திரத்தில், எழுதுவது பரப்பளவு. ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஆக முதல் துண்டு 4 ஆர், சென்ட் கணக்கில் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. விடை எழுதும்போது ‘மீட்டரா, சதுர மீட்டரா’ என்று அவளையே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். அலகு தப்பினால் எதை அளந்தோம் என்பதே தப்பியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: பொள்ளாச்சியில் படிக்கும் அத்தை மகன் புத்தகத்தில் ‘முழு எண்கள்’, ‘முழுக்கள்’ என்று இரண்டு இருக்கிறது. ஒன்றுதானே?

பதில்: இல்லை. 0, 1, 2, 3 என்று போவது முழு எண்கள். பூச்சியத்தை விட்டுவிட்டு 1-இல் தொடங்கினால் இயல் எண்கள். குறை எண்களையும் சேர்த்துக்கொண்டால் முழுக்கள். −3 முழுக்களில் சேரும், முழு எண்களில் சேராது.