கொழும்பிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம்?

கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் போக சுமார் 11 மணித்தியாலம், திரும்பி வர அதைவிடக் கொஞ்சம் குறைவு.

மணிக்கு 900 கிலோமீற்றர் என்று வகுத்தால் பத்துக்கும் குறைவாகத்தானே வருகிறது என்று கேட்பீர்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் மெதுவான வேகத்தில். அதோடு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது. குளிர்காலத்தில் இது இன்னும் பலம். மூடிய வான்பரப்பைச் சுற்றிப் போனால் தூரமும் கூடும். ஹீத்ரோவில் நெரிசல் என்றால் இறங்குமுன் வானிலேயே வட்டமடிக்க வைப்பார்கள்.

பலர் குழம்புவது டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துத்தான். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜனவரியில் கொழும்பு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். பகல் 1 மணிக்குக் கிளம்பி 11 மணித்தியாலம் பறந்தால் லண்டனில் மாலை 6.30. ஜூலையில் வித்தியாசம் நாலரைதான், அதே பயணம் 7.30க்கு முடியும்.

டோஹா, டுபாய் வழியாகப் போனால் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அங்கே போகும் விமானம், அங்கிருந்து லண்டன் போகும் விமானம் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் பிந்தினால், இரண்டாவது டிக்கெட் பெரும்பாலும் போனதுதான்.