ஹெச்-இண்டெக்ஸ் 31 உள்ளவர் 9 உள்ளவரைவிடச் சிறந்த மருத்துவ ஆய்வாளரா?

கேள்வி இதுதான்: முனைவர் பட்ட ஆய்வில் சேரப் போகும் உங்களுக்கு வழிகாட்டியாக இருக்க இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் (எழுதிய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் எண்) 31, இன்னொருவருக்கு 9. எண்ணைப் பார்த்து முதலாமவரிடமே சேர்ந்துவிடலாமா?

நான் மருத்துவ நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வு, ஆய்வு நிதி, விருது என்று எதற்கு விண்ணப்பித்தாலும் சைட்டேஷன் ரிப்போர்ட், அதாவது மேற்கோள் கணக்கு, கேட்கிறார்கள். அதை எடுத்துக் கொடுப்பதே என் வேலையில் பெரும்பகுதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்ய முடியாது. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கட்டுரைகளை யார் மேற்கோள் காட்டினார்கள், எதற்காகக் காட்டினார்கள் என்று ஒரு மதியப்பொழுது உட்கார்ந்து பார்த்தால் நிறையத் தெரிந்துவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த அளவை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். மருத்துவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஒருவர் ஐந்து கட்டுரை எழுதியிருக்கிறார், அவற்றுக்கு முறையே 90, 40, 6, 4, 1 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன. எனவே அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 4. சரி, அந்த முதல் கட்டுரைக்கு 90க்குப் பதில் 9,000 மேற்கோள் வந்திருந்தால்? அப்போதும் 4தான். ஒரே கட்டுரையால் ஒரு நோயின் சிகிச்சையையே மாற்றியவரை இந்த எண்ணால் அடையாளம் காட்ட முடியாது. தொடர்ந்து, சுமாராகவாவது, நிறைய எழுதுபவருக்கு ஏற்ற அளவு இது. அதோடு இது ஒருபோதும் இறங்காது. ஓய்வுபெற்ற பிறகும் ஏறக்கூடும். அதனால் 55 வயதுக்காரரையும் 36 வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை. அந்த இரண்டு வழிகாட்டிகளில் 9 உள்ளவர் முதல் கட்டுரையை எந்த ஆண்டு வெளியிட்டார் என்று பாருங்கள். ஹெச்-இண்டெக்ஸை ஆய்வு வாழ்க்கையின் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கும் யோசனை ஹிர்ஷின் முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. ஏனோ அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

துறை வேறுபாடும் அதே கட்டுரையில் இருக்கிறது. அன்றைய இயற்பியலாளர்களில் முதலிடத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110. உயிர் அறிவியல் பட்டியலில் முதலிடத்தில் இருந்த நரம்பியல் ஆய்வாளர் சாலமன் ஸ்னைடருக்கு 191. அந்தப் பட்டியலின் பத்தாவது ஆளுக்கே 120. உயிர் அறிவியல்காரர்கள் எல்லோரும் விட்டனைவிட அறிவாளிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே ஆட்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் வரும் மேற்கோள் பட்டியலும் நீளம். மருத்துவத்துக்குள்ளேயே இதே கதை நடக்கிறது. புற்றுநோய், இதயநோய் ஆட்களோடு தடயவியல் மருத்துவரையோ உடற்கூறியல்காரரையோ வரிசையில் நிறுத்தினால் பின்னவர்கள் எப்போதும் தோற்பார்கள்.

அப்புறம், எந்த 31? எந்த 9? மேற்கோள்களை எண்ணும் தளங்களான கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் மூன்றும் ஒரே ஆளுக்கு மூன்று எண் தரும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்பதிப்பு என்று கிடைத்ததையெல்லாம் எண்ணும், அதனால் பெரும்பாலும் அதில்தான் எண் பெரிதாக இருக்கும். "நேற்று வீட்டில் பார்த்தபோது 24 இருந்தது, நீங்கள் 15 என்று கொடுக்கிறீர்களே" என்று என் மேசைக்கு வந்து நின்றவர்கள் உண்டு. இரண்டு எண்ணும் சரிதான், தளம்தான் வேறு. இன்னொரு தொல்லை பெயர். இனிஷியல் முன்னால் ஒரு கட்டுரையில், பின்னால் இன்னொன்றில், விரித்து எழுதியது மூன்றாவதில் என்றிருந்தால் ஒரே ஆள் மூன்று பேராகப் பிரிந்துவிடுவார். அதே பெயருள்ள பல் மருத்துவரின் கட்டுரைகள் இதய மருத்துவரின் கணக்கில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்கிட் எண் 2012இல் வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. நீங்கள் இன்றே ஒன்று வாங்கிவிடுங்கள், இலவசம்தான்.

மருத்துவ ஆய்வுக்கே உரிய பெரிய சிக்கல் ஆசிரியர் பட்டியல். ஒரு பெரிய மருந்துப் பரிசோதனைக்கோ நோய்ச்சுமைக் கணக்கெடுப்புக்கோ பல நூறு பேர் ஆசிரியர்களாக இருப்பார்கள். அதில் இருநூறாவது பெயராக இருப்பவருக்கும் அத்தனை மேற்கோளும் அப்படியே சேரும். மருத்துவத்தில் வழக்கமாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிகாட்டியவருடையது. நடுவில் இருப்பவர்கள் மாதிரி சேகரித்தவர் முதல் மரியாதைக்காகச் சேர்க்கப்பட்ட துறைத்தலைவர் வரை யாராகவும் இருக்கலாம். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு. நான்கும் இருக்க வேண்டும். நடைமுறையில் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன். ஜான் அயோனிடிஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே ஆண்டில் 72 கட்டுரைக்கு மேல், அதாவது ஐந்து நாளுக்கு ஒன்று வீதம், பெயர் போட்டவர்களைத் தேடினார்கள். பெரும் கூட்டு இயற்பியல் திட்டங்களில் இருந்தவர்களை எல்லாம் கழித்த பிறகும் இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள் மிஞ்சினார்கள். அவர்களில் மருத்துவத் துறையினர் நிறைய.

அதே அயோனிடிஸ் குழுவின் பட்டியல்தான், "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி" என்று ஆண்டுதோறும் ஃபிளக்ஸ் பேனர்களில் வருவது. யாரும் அதை விருதாகக் கொடுப்பதில்லை. ஒரு தரவுத்தளத்தை எடுத்துச் சூத்திரம் போட்டு வெளியிடும் அட்டவணை, அவ்வளவுதான். அந்த அட்டவணையில் தற்சுட்டலை, அதாவது தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதை, கழித்தால் ஒருவர் எந்த இடத்தில் நிற்பார் என்பதற்கும் தனியாக ஒரு நெடுவரிசை இருக்கிறது. பேனர் அடிப்பவர்கள் அந்த நெடுவரிசையைப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இம்பாக்ட் ஃபேக்டரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது இதழுக்கான அளவு, ஆளுக்கானது அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைத்தது என்பதைச் சொல்கிறது. சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நேச்சர் இதழே சாட்சி: தன்னுடைய 2004ஆம் ஆண்டுக்கான எண்ணில் 89 சதவீதத்தைக் கொண்டுவந்தது வெறும் 25 சதவீதக் கட்டுரைகள்தான் என்று அடுத்த ஆண்டு தலையங்கத்திலேயே எழுதியது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் இதழ் ஒன்றுக்கு 2020இல் இம்பாக்ட் ஃபேக்டர் 508. ஆண்டுதோறும் அதில் வெளியாகும் புற்றுநோய்ப் புள்ளிவிவரத்தைத் தங்கள் முதல் பத்தியில் மேற்கோள் காட்டாத புற்றுநோய்க் கட்டுரையாளர்கள் குறைவு. அதே இதழில் வரும் மற்றக் கட்டுரைக்கும் இந்த 508தான் ஒட்டிக்கொள்ளும்.

இனி, மேற்கோள் எதற்காகக் காட்டப்படுகிறது என்பதற்கு வருகிறேன். உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை ஆலிவர் லோரியும் உடன் பணியாற்றியவர்களும் 1951இல் எழுதியது. மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை அது. அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்பது லோரிக்கே தெரியும், எழுதியும் இருக்கிறார். ஆய்வகத்தில் அந்த முறையைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் கடனைத் தீர்ப்பதுபோல் அவர் பெயரைப் போட்டார்கள். இன்னொரு பக்கம், தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998இல் லான்செட்டில் வெளியிட்ட கட்டுரை. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010இல் இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கும் ஆயிரக்கணக்கில் மேற்கோள்கள்; பெரும்பாலானவை அதை மறுப்பதற்காக. தாக்கம் இல்லை என்று சொல்ல முடியுமா? ஏராளமான தாக்கம், தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த குழந்தைகளிடம். எண்ணும் இயந்திரத்துக்குப் பாராட்டும் ஒன்றுதான், மறுப்பும் ஒன்றுதான்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் கல்கத்தாவின் சம்பு நாத் தே. காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவம் மட்டுமே முயலின் குடலில் நீரைத் தேங்க வைக்கிறது என்று 1959இல் நேச்சரில் காட்டினார். காலரா பற்றிய புரிதலின் திசையைத் திருப்பிய சோதனை. ஆனால் அன்று கவனித்தவர்கள் சிலர்தான். அதன் அருமை மெல்ல மெல்லத்தான் உணரப்பட்டது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவர் பெயரை ஒருமுறைக்கு மேல் நோபலுக்குப் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. 1985இல் தே இறந்துபோனார். அடுத்த ஆண்டு அவரைப் பற்றியும் காலரா ஆய்வின் மேற்கோள் வரைபடம் பற்றியும் விரிவாக எழுதியவர் யார் தெரியுமா? மேற்கோள்களைத் தொகுக்கும் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை 1964இல் தொடங்கியவரும் இம்பாக்ட் ஃபேக்டருக்குத் தந்தையுமான யூஜின் கார்ஃபீல்டு. எந்தக் கட்டுரையிலிருந்து எது கிளைத்தது என்று தடம் பிடிக்கத்தான் மேற்கோளை அவர் அங்கே பயன்படுத்தினார். தே பெற்ற மொத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கதை வெளியே வந்திருக்காது. என்னைக் கேட்டால் மேற்கோளின் சரியான உபயோகம் அதுதான்.

மருத்துவத்தில் தாக்கம் பெரும்பாலும் மேற்கோள் ஓடும் பாதைக்கு வெளியே நடக்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பொங்காவ் முகாமில், சிரைவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலானபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்க வைத்தார். அதுவரை 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 3.6 சதவீதமானது. அதைப் பற்றிய கட்டுரை 1973இல் வந்தது. இன்று அந்த உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்துக் குழந்தைக்குக் கொடுக்கும் எந்தத் தாயும் எந்தக் கட்டுரைக்கும் அடிக்குறிப்பு எழுதப் போவதில்லை. சிகிச்சை நெறிமுறை, அரசின் மருந்துப் பட்டியல், செவிலியர் கையேடு இவற்றில் இடம்பிடிப்பதுதான் மருத்துவ ஆய்வின் உண்மையான சேருமிடம். இவற்றில் பலவற்றை மேற்கோள் தளங்கள் எண்ணுவதே இல்லை.

எண்ணிக்கைக்குப் பரிசு என்று வைத்தால் எண்ணிக்கை வந்துவிடும், வேண்டிய வழியிலும் வேண்டாத வழியிலும். 2023இல் மட்டும் உலகில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பாலானவை ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கடைகள் இந்த எண்களால் பிழைப்பவை. கட்டுரைக்குப் பணப்பரிசு தந்த நிறுவனங்கள் பெருகிப்போன சீனாவில் 2020இல் அரசே அதை நிறுத்தச் சொன்னது. 2012இல் உருவான சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம், ஆளை மதிப்பிட இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் ஏராளம்.

சரி, உங்கள் இரண்டு பேருக்கு வருவோம். என்னிடம் இந்தக் கோப்பு வந்தால் இப்படிப் பார்ப்பேன். ஒவ்வொருவரும் முதல் அல்லது கடைசி ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளை மட்டும் பிரித்தெடுப்பேன். அதில் தொகுப்புக் கட்டுரைகளைத் தனியே வைப்பேன். அவை எளிதாக மேற்கோள் சேர்க்கும், புதிதாக எதையும் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை. மீதியில் ஆளுக்கு ஐந்தை எடுத்து, அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று திறந்து பார்ப்பேன். அவர்களே தங்களைக் காட்டிக்கொண்டதா, ஒரே வட்டத்து நண்பர்களா, அறிமுகமில்லாத குழுக்களா? மருந்துப் பரிசோதனைகளும் சிகிச்சை நெறிமுறைகளும் காட்டியிருக்கின்றனவா? அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்கள் நடத்தும் ஐசைட் தளம் இதற்கு வசதி. ஒரு கட்டுரையை அதன் துறையோடும் ஆண்டோடும் ஒப்பிட்டு ஒரு விகிதம் தரும், 1 என்றால் அவர்கள் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுநிலை. மருத்துவமனை சார்ந்த ஆய்வுகள் அதை எடுத்தாண்டிருக்கின்றனவா என்பதையும் காட்டும். காசு வேண்டாம். அப்படியே, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். ஒரு திரும்பப்பெறல் இருந்தால் பதறாமல் காரணத்தைப் படியுங்கள். தாங்களே தவறைக் கண்டு திரும்பப் பெற்றவர்கள் நல்ல வழிகாட்டிகளாக இருக்கலாம்.

நீங்கள் மாணவர் என்பதால் இன்னொன்றும் உண்டு, எந்த அளவீட்டிலும் வராதது. வழிகாட்டியின் பழைய மாணவர்கள் பெயரைக் கேட்டு வாங்கி, அவர்கள் செய்த வேலைக்கு முதல் பெயர் அவர்களுக்கே கிடைத்திருக்கிறதா என்று மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெட்டில் தேடுங்கள். 31 உள்ளவரின் எட்டு மாணவர்களில் ஒருவருக்குக்கூட முதல் பெயர் இல்லை என்றால் நான் 9 உள்ளவரிடம்தான் போகச் சொல்வேன். எல்லோருக்கும் இருக்கிறது, அதில் சிலர் இப்போது தனியாகக் குழு நடத்துகிறார்கள் என்றால் 31 உள்ளவரிடம் தயங்காமல் சேருங்கள். அந்த மாணவர்களில் இரண்டு பேரிடமாவது பேசி, ஆசிரியர் வரிசையை யார், எப்போது முடிவு செய்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.