பேத்தி பள்ளியில் சரஸ்வதி பூஜை

ஐயா, வணக்கம். டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறேன். மகன் குடும்பம் இந்தோனேசியாவில், பாலித் தீவில். பேத்தி ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் சரஸ்வதி பூஜையாம். வெள்ளைச் சட்டை, கைலி, இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நவராத்திரியும் இல்லாமல் இதென்ன பூஜை? அவர்கள் முறை வேறாயிற்றே, அனுப்பலாமா என்று மருமகள் தயங்குகிறாள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

— ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

தாராளமாக அனுப்பச் சொல்லுங்கள்.

பாலியில் 210 நாள் கொண்ட தனிப் பஞ்சாங்கம் உண்டு. அந்த 30 வாரச் சுற்றின் கடைசிச் சனிக்கிழமைதான் சரஸ்வதி நாள். அதனால் நம் மாதக் கணக்குக்குள் அது அடங்காது; பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டு முறை வரும். அன்று புத்தகங்களையும் பழைய சுவடிகளையும் அடுக்கிவைத்துப் பூவும் பலகாரமும் படைப்பார்கள். படிக்கவோ எழுதவோ கூடாது. சின்ன வயதில் உங்கள் அம்மா போட்ட அதே கண்டிப்பு! அந்தச் சுவடிகளும் நம்முடையவை போலப் பனையோலைதான், எழுத்தாணியால் கீறிக் கரி தேய்த்தவை.

முறை வேறு என்பது உண்மை. குழந்தைக்கு முன்பே சொல்லிவைத்தால் திகைக்காமல் இருப்பாள். தரையில் உட்கார்ந்து, விரல் நுனிகளில் பூவைப் பிடித்து, கூப்பிய கையை நெற்றிக்கு மேல் உயர்த்துவார்கள். பிறகு தீர்த்தம் தெளிப்பார்கள். விபூதி குங்குமத்துக்குப் பதில் ஈர அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்வார்கள். இடுப்புத் துண்டை மறக்க வேண்டாம், அது இல்லாமல் கோயிலுக்குள் போவது அங்கே மரியாதைக் குறைவு. நீங்கள் சைவம் என்றால் ஆசிரியையிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். படையலில் கோழி இருக்கக்கூடும்.

நம் டெல்லியையே பாருங்கள். சித்தரஞ்சன் பார்க் வங்காளிகள் வசந்த பஞ்சமிக்குத்தான் சரஸ்வதியை வைக்கிறார்கள். பூஜை முடியும்வரை இலந்தைப் பழத்தைத் தொடாத அந்தப் பிள்ளைகளோடு நம் வீட்டுப் பிள்ளைகளும் நின்று புஷ்பாஞ்சலி செய்ததுண்டு. நவராத்திரிக்கு நம் வீட்டுப் பூஜையும் நடந்தது. எதுவும் குறைந்துபோகவில்லை.

17ஆம் நூற்றாண்டில் காசிக்குப் போன குமரகுருபரர், அங்கே பேசும் மொழி தமக்கு வரவேண்டும் என்று சரஸ்வதியைப் பாடியதுதான் சகலகலாவல்லி மாலை என்பார்கள். உங்கள் பேத்தியும் ஒரு புது மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். முதல் பாட்டை மட்டும் போனில் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் கைகூப்பும்போது மனதுக்குள் சொல்லிக்கொள்ளட்டும்.

மறுநாள் ஞாயிறு விடிகாலையில் கடலிலோ ஊற்றிலோ நீராடி, மஞ்சள் சோறு சாப்பிடும் வழக்கமும் உண்டு. தோழி வீட்டில் கூப்பிட்டால் அதற்கும் அனுப்பச் சொல்லுங்கள்.