காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் மெஷின் சென்னை வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா?

கேள்வி: வேளச்சேரியில் அபார்ட்மெண்ட். போரில் உப்புத் தண்ணீர், கோடையில் லாரி, குடிக்கக் கேன். காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் மெஷினை வீடியோவில் பார்த்தேன். சென்னைக் காற்றில்தான் ஈரம் கொட்டிக் கிடக்கிறதே, ஒன்று வாங்கிப் போட்டால் லாரி, கேன் இரண்டையும் நிறுத்திவிடலாமா? நோபல் பரிசு வாங்கிய ஏதோ ஒரு பொடி வந்தால் கரண்ட்கூட வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

லாரியை நிறுத்த முடியாது. கேனை நிறுத்தலாம். ஆனால் கேன்காரருக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு கரண்ட் பில்லில் போகும். மெஷின் மோசடி என்று நான் சொல்லவில்லை. அது தண்ணீர் எடுக்கத்தான் செய்கிறது. எவ்வளவு எடுக்கும், எந்த விலைக்கு எடுக்கும் என்பதை மட்டும் வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

உள்ளே இருப்பது ஏசியில் இருக்கும் அதே சாமான்தான்: கம்ப்ரஸர், குளிர் காயில், சூடு காயில், ஃபேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வியர்ப்பதுபோல, காற்று குளிர் காயிலில் பட்டு வியர்க்கிறது. காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் நீராகத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்பார்கள். சென்னையில் கோடை இரவுகளில் அது 25 டிகிரியைத் தொட்டு நிற்கும். அந்த வகையில் இந்த மெஷினுக்கு நம் ஊர் சொர்க்கம், அதில் சந்தேகமில்லை.

இனி கிராம் கணக்கு. 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். காயிலை 10 டிகிரியில் வைத்தால் அதில் 9 கிராமுக்குச் சற்று மேல் காற்றோடேயே வெளியே போய்விடும். கையில் நிற்பது 13 கிராம். எல்லாக் காற்றும் காயிலை ஒழுங்காகத் தொடாது என்பதால் நடைமுறையில் 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு 100 கனமீட்டர் காற்று வேண்டும். பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்தில், மொத்தக் காற்றே 28 கனமீட்டர்தான்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் சதவீதம். 38 டிகிரி வெயிலில் 40 சதவீதம் என்று போனில் பார்த்துவிட்டு, காற்று காய்ந்து கிடக்கிறது என்று நினைப்பார்கள். அந்தக் காற்றில் கனமீட்டருக்கு 18 கிராம் இருக்கிறது. தை மாத அதிகாலையில் 24 டிகிரி, 80 சதவீதம் என்றால் 17 கிராம்தான். சூடான காற்றுக்குக் கொள்ளளவு அதிகம், அதனால் சதவீதம் குறைந்து தெரிகிறது. ஆனாலும் மதிய வெயிலில் கம்ப்ரஸர் அதிகம் உழைக்க வேண்டும். ஆகவே சென்னையில் இந்த மெஷினுக்கு நல்ல நேரம் இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறு வரை.

கரண்டுக்கு வருவோம். ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது சுமார் 2450 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடும். பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் இதுதான். யூனிட்டில் சொன்னால் 0.68. இதோடு காற்றையும் 30-லிருந்து 10-க்கு இறக்க வேண்டும், ஈரம் மட்டும் தனியாகக் குளிராது. அதையும் சேர்த்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 யூனிட் வெப்பத்தைக் காயில் வாங்கியாக வேண்டும். கம்ப்ரஸர் ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் வெப்பத்தைக் கடத்தும் என்று தாராளமாக வைத்தால் 0.4, ஃபேன், யூவி விளக்கு, பம்ப் சேர்த்து 0.45. வெளியே போகும் குளிர்ந்த காற்றை வைத்து உள்ளே வரும் காற்றை முன்கூட்டியே குளிர்விக்கும் பெரிய மெஷின்களில் இது குறையும். வீட்டு மாடலில் இதற்குக் கீழே வந்தால் சந்தோஷப்படுங்கள், எதிர்பார்க்காதீர்கள்.

தினம் ஒரு கேன், அதாவது 20 லிட்டர் என்றால் 9 யூனிட். இரண்டு மாத பில்லில் 540. நூறு யூனிட் இலவசத்தை வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜுமே தின்று முடித்திருக்கும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாப் சலுகையும் போய்விடும். மேலே யூனிட் 8 ரூபாய்க்கு மேல். 8 என்றே வைத்தாலும் 20 லிட்டருக்கு 72 ரூபாய். கேன் உங்கள் ஏரியாவில் முப்பதோ நாற்பதோ. மெஷின் விலை, ஃபில்டர், சர்வீஸ் இன்னும் கணக்கில் சேரவில்லை.

லாரிக்கு இதே கணக்கைப் போட்டால் சிரிப்புத்தான் வரும். 12,000 லிட்டர் லோடுக்கு 5,400 யூனிட். அதே தண்ணீரைக் கடலிலிருந்து எடுக்க, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருப்பதுபோன்ற எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ) ஆலைக்கு 1,000 லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் போதும். லோடுக்கு 50-ஐத் தாண்டாது. கடல்நீரில் தண்ணீர் ஏற்கெனவே திரவமாக இருக்கிறது, உப்பை மட்டும் வடித்தால் வேலை முடிந்தது. காற்றில் அது ஆவியாக இருக்கிறது, அந்த உள்ளுறை வெப்பத்தைக் கழற்றாமல் ஒரு சொட்டும் கிடைக்காது. நூறு மடங்கு வித்தியாசம் அங்கேதான். மெஷினை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்த இடைவெளி மூடாது.

"செகந்திராபாத் ரயில் நிலையத்தில் 2019-லேயே வைத்தார்களே, ஐஐடி மெட்ராஸிலிருந்தே வாயுஜல் என்று ஒரு கம்பெனி வந்திருக்கிறதே" என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். அங்கே போட்டி பாட்டில் தண்ணீரோடு, கேனோடு அல்ல. பாட்டில் லிட்டர் 20 ரூபாய்க்கு விற்கும் இடத்தில் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் கரண்ட் செலவு லாபம்தான். திறந்தவெளி, ஆள் நடமாட்டம், பராமரிக்கத் தனி ஆள் எல்லாம் இருக்கிறது. குழாய் போகாத இடம், போர் போட்டால் ஃப்ளோரைடு வரும் ஊர் என்றாலும் நியாயம் இருக்கிறது. வேளச்சேரி மூன்றாவது மாடிக் கணக்கு வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. ஹாலில் வைக்காதீர்கள். மூடிய பத்துக்குப் பத்து அறையின் மொத்த ஈரமே 650 கிராம், ஒரு லிட்டருக்கும் குறைவு. அது தீர்ந்ததும் மெஷின் சும்மா கரண்ட் குடித்துக்கொண்டிருக்கும். ஏசி ஓடும் அறையில் இன்னும் மோசம்: 24 டிகிரி, 50 சதவீதம் என்றால் கனமீட்டருக்கு 11 கிராம், அதில் எடுக்க முடிந்தது ஒன்றரை கிராம். இதற்கு மேல், ஆவியிலிருந்து கழற்றிய வெப்பம், கம்ப்ரஸரின் வெப்பம் எல்லாமே அறைக்குள்தான் விழும். தினம் 20 லிட்டர் எடுக்கும் மெஷின் 900 வாட்டுக்கு மேற்பட்ட ஹீட்டரை நாள் முழுக்க ஓடவிட்டதற்குச் சமம். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி, ஏசி உலர்த்திய காற்றில் தண்ணீர் தேட மெஷின். பால்கனியில், கூரைக்குக் கீழே, பின்புறம் ஓரடி இடைவெளி விட்டு வையுங்கள்.

சமையலறைப் பக்கமும் ஆகாது. தாளிப்பு எண்ணெய்ப் புகை காயிலில் பிசுக்காகப் படியும். ஊதுபத்தி, கொசுவர்த்தி, புதுப் பெயின்ட் வாசனை எல்லாம் காற்றோடு உள்ளே போய்த் தண்ணீரில் கரையும். கார்பன் ஃபில்டர் ஓரளவுக்குப் பிடிக்கும், ஆனால் அதன் ஆயுள் பாதியாகும்.

மெஷின் பழுதாவது எப்படி என்றால், முதலில் முன்பக்கத் தூசி ஃபில்டர். ரோட்டோர வீட்டில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவாவிட்டால் காற்று குறையும், காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிப் பனிக்கட்டி மூடும், தண்ணீர் நின்றுவிடும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்வார். ஃபில்டரைக் கழுவி, ஆஃப் செய்து, இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தபிறகு அவரை நம்புங்கள். அடுத்தது காயில். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் கடல் உப்பு காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளைச் சில வருடங்களில் வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடி விழும் இடம் உங்கள் குடிநீர்த் தொட்டி. எனவே காயிலுக்கு உணவுத் தரத்திலான எபாக்ஸி பூச்சு இருக்கிறதா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். யூவி விளக்கு நீலமாக எரிகிறது என்பதால் கிருமி சாகிறது என்று அர்த்தமில்லை. 8,000, 9,000 மணி நேரத்துக்குப் பிறகு வெளிச்சம் இருக்கும், வேலை செய்யும் கதிர் குறைந்திருக்கும். வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் தொட்டியில் நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள், இதில் குளோரின் கிடையாது.

ஏசி தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடும் மெஷின் அதுதான் என்பதால் சொல்கிறேன். ஒன்றரை டன் ஏசி புழுக்கமான இரவில் மணிக்கு ஒரு லிட்டர் சாதாரணமாக விடும், ஆரம்பத்தில் இரண்டு லிட்டர்கூட. எட்டு மணி நேரத்துக்கு ஆறிலிருந்து பத்து லிட்டர். குளிருக்காக ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள், தண்ணீர் இனாம். வீடு துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற, செடிக்கு விட உகந்தது. உப்பே இல்லாததால் போர் தண்ணீர்போல வெள்ளைக் கறை படியாது.

குடிக்க மட்டும் கூடாது. டிடிஎஸ் மீட்டரில் 20, 30 என்று காட்டுவதைப் பார்த்து மினரல் வாட்டரைவிடச் சுத்தம் என்று குதிப்பவர்கள் உண்டு. மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. ட்ரெயின் பைப்புக்குள் விரலை விட்டால் ஒட்டும் கொழகொழப்பு முழுக்க பாக்டீரியா. தாது இல்லாத தண்ணீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து லேசாகப் புளித்துவிடும், செம்பையும் அலுமினியத்தையும் அரித்துக்கொண்டே வரும். அதே காரணத்துக்காக இன்வெர்ட்டர் பேட்டரியிலும் ஊற்றாதீர்கள். பேட்டரித் தண்ணீரில் மிச்சம் பிடிக்கும் காசு பேட்டரியில் போகும்.

பிடிக்கும் முறை: ட்ரெயின் பைப் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், நடுவில் தொய்வு கூடாது. பைப் முனை பக்கெட் தண்ணீருக்குள் முங்கக் கூடாது. முங்கினால் காற்று அடைத்து, தண்ணீர் திரும்பி இன்டோர் யூனிட் வழியாகச் சுவரில் வழியும். "ஏசி லீக்" என்று ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் பாருங்கள். பக்கெட்டுக்கு மூடி போட்டு, பைப் நுழையும் ஓட்டையைச் சுற்றிக் கொசுவலைத் துணி கட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரைத்தான். தினமும் காலி செய்துவிட்டால் நல்லது.

சொல்லும்போதே எரிச்சல் வருகிறது: தி.நகரில் கடைகள் ஏசி பைப்பை நடைபாதைக்கு நேராக விட்டிருக்கிறார்கள். புடவை எடுக்க வந்தவர் தலையில் சொட்டு, தரையில் பாசி, வழுக்கல். நாலு அடி பைப்பும் ஒரு பக்கெட்டும் வாங்க முடியாத வியாபாரமா அது?

இப்போது அந்தப் பொடி. உலோக-கரிமக் கட்டமைப்புகள், எம்.ஓ.எஃப் என்பார்கள். இதற்காக 2025-இல் வேதியியல் நோபல் கிடாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்தது. ஓமர் யாகியின் குழு 2017-இல் காட்டியது, 20 சதவீத ஈரப்பதத்திலும் இந்தப் பொடி இரவில் ஈரத்தை உறிஞ்சும், பகலில் வெயில் பட்டால் விடும் என்பது. அரிசோனா பாலைவனத்துக்கு அது பெரிய விஷயம், அங்கே குளிர் காயிலில் வியர்வையே வராது. சென்னையில் அந்தப் பிரச்சினையே இல்லை. மேலும், கரண்ட் வேண்டாம் என்றால் ஆற்றல் வேண்டாம் என்று பொருளல்ல. பொடியிலிருந்து ஒரு லிட்டரைப் பிரிக்கவும் குறைந்தது அதே 0.68 யூனிட் வெப்பம் வேண்டும், அதை வெயில் கொடுக்கிறது. நம் ஊரில் ஒரு சதுரமீட்டரில் நாளுக்கு ஐந்து யூனிட் அளவுக்கு வெயில் விழும். ஒன்றுமே வீணாகாமல் பிடித்தாலும் ஏழு லிட்டர்தான் உச்சவரம்பு. கண்ணாடி, வெப்ப இழப்பு, ஆவி குளிர்வது எல்லாம் போக ஒன்றோ இரண்டோ கிடைத்தால் நல்ல கருவி.

அதே ஒரு சதுரமீட்டர் மொட்டை மாடியில் வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதாவது 1,400 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடிக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாகிவிட்டது. ஆனால் குழியில் ஜல்லி மேல் சேறு படிந்திருக்கிறதா என்று அசோசியேஷனில் கேட்டால், "அதன் மேல் டைல்ஸ் போட்டுப் பார்க்கிங் ஆக்கிவிட்டோம் சார்" என்பார்கள். லாரிக்கு மட்டும் மாதாமாதம் வசூல்.

கடைக்குப் போனால் "நாளைக்கு 30 லிட்டர் மெஷின்" என்று ஸ்டிக்கரில் இருக்கும். அது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் 24 மணி நேரமும் ஓடினால் வரும் அளவு. 27 டிகிரி, 60 சதவீதத்தில் எத்தனை லிட்டர், அப்போது லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். அந்த நிலையில் கனமீட்டருக்கு 15 கிராம்தான் இருக்கும், எடுக்க முடிவது பாதிக்கும் குறைவாகிவிடும். அட்டவணை காட்டினால் பேசுங்கள், "சென்னைக்கு எல்லாம் சூப்பரா வரும் சார்" என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.