தாஜ்மகாலை விடுங்கள், மகாலுக்குப் போங்கள்

கேள்வி: எனக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். லண்டன் வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். ஸ்பீக்கிங்கில், அதாவது பேச்சுத் தேர்வில், 7 வேண்டும், 6தான் வந்தது. முதலில் ஃபேஷன் பற்றிக் கேட்டார்கள். "பிடிக்கும்" என்று சொன்னதோடு சரி, அதற்கு மேல் வாயே வரவில்லை. நாள் முழுக்க யூனிஃபார்மில் இருக்கிறவளுக்கு ஃபேஷன் என்ன தெரியும்? அடுத்து, கார்டில் ஒரு வரலாற்றுக் கட்டடத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தது. கோச்சிங் சென்டரில் தாஜ்மகால் பற்றி ஒரு பதிலை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். நான் ஆக்ராவே போனதில்லை. அரை நிமிடத்தில் எல்லாம் மறந்துவிட்டது. இரண்டு மாதத்தில் மறுபடி எழுதப் போகிறேன். ஃபேஷனையும் வரலாற்றையும் எங்கிருந்து படிப்பது?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

"நான் ஆக்ராவே போனதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தடுமாறியதற்கான காரணம் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. கண்ணால் பார்க்காத கட்டடத்தைப் பற்றி, யாரோ எழுதிக்கொடுத்த வார்த்தைகளில், முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் இரண்டு நிமிடம் பேசுவது யாருக்குமே கஷ்டம்தான். உங்கள் ஆங்கிலத்தைக் குறை சொல்லவே வேண்டாம். எட்டு வருடம் நர்ஸாக இருப்பவர் டாக்டரிடமும் நோயாளியிடமும் எத்தனை விஷயத்தை எடுத்துச் சொல்லியிருப்பார்!

முதலில் மதிப்பெண் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸாமினர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்: தடங்கல் இல்லாமல் கோர்வையாகப் பேசுகிறீர்களா, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. ஃபேஷன் அறிவுக்கு மதிப்பெண் கிடையாது, வரலாற்று அறிவுக்கும் கிடையாது. 1636-இல் கட்டிய நம் திருமலை நாயக்கர் மகாலை 1736 என்று நீங்கள் தவறிச் சொன்னாலும் அதற்காக மதிப்பெண் குறையாது. ஆனால் மனப்பாடம் செய்த பதில் என்றால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். குரல் ஒரே சீராக ஓடும், கண் மேலே போகும், கேட்ட கேள்வி ஒன்று, வருகிற பதில் வேறு. அதனால் படிக்க எதையும் தேடாதீர்கள். உங்களிடம் இருப்பதை எடுத்துச் சொல்லப் பழகுங்கள். அது நிறையவே இருக்கிறது.

ஃபேஷனுக்கு வருவோம். முதல் பகுதி நான்கைந்து நிமிடம்தான், கேள்விகளும் சின்னக் கேள்விகள்தான்: எந்த மாதிரி உடை பிடிக்கும், துணி வாங்கப் போவது பிடிக்குமா, சின்ன வயதில் போட்டது வேறா, இப்படி. "நாள் முழுக்க யூனிஃபார்ம்" என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னீர்களே, அதையே அங்கேயும் சொல்லலாம். "ஐ வேர் எ யூனிஃபார்ம் சிக்ஸ் டேஸ் எ வீக், ஸோ ஆன் மை டே ஆஃப் ஐ கோ ஃபார் சம்திங் பிரைட்." அவ்வளவுதான் பதில். ஒரு உண்மை, அதன் விளைவு, முடிந்தால் ஒரு உதாரணம். இரண்டு மூன்று வாக்கியம் போதும். ஃபேஷன் டிசைனர் பெயர்கள் எதுவும் தேவையில்லை.

உடை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டால் உங்கள் தொழிலையே சொல்லுங்கள். ஒரு காலத்தில் நர்ஸ் என்றால் வெள்ளை உடை, தலையில் கேப். இப்போது பல இடங்களில் சுடிதார், ஸ்க்ரப்ஸ். ஏன் மாறியது? குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய வசதி, துவைக்க எளிது. இதைச் சொல்லும்போது "யூஸ்டு டு" தானாக வந்து விழும். இலக்கணத்துக்கு மதிப்பெண் வாங்கித் தரும் இடம் அது.

இன்னும் ஒன்று, சுங்குடி. உங்கள் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ ஒன்றாவது இருக்கும். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சேலை. துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்த பின் முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளி புள்ளியாக நிற்கும். புவிசார் குறியீடு பெற்ற சேலை. நம் ஊர் வெயிலுக்கு அதைவிடச் சுகமான துணி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு முடிச்சு எப்படிப் புள்ளியாகிறது என்பதைப் படிப்படியாக ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கிள்ளு, கட்டு, முக்கு, காய வை, அவிழ் என்று ஐந்து வினைச்சொல். "ட்ரெடிஷனல்", "பியூட்டிஃபுல்" என்று பத்து முறை சொல்வதைவிட இந்த ஐந்தும் உங்கள் சொல்வளத்தை நன்றாகக் காட்டும்.

ஒரு எச்சரிக்கை. நாம் தமிழில் புழங்கும் சில ஆங்கிலச் சொற்கள் அங்கே வேறு பொருள் தரும். நாம் ஜாக்கெட் என்பது அவர்களுக்குக் குளிருக்குப் போடும் கோட்டு. "தையல்காரரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன்" என்றால் எக்ஸாமினர் வேறு எதையோ நினைப்பார். பிளவுஸ் என்று சொல்லி, சேலைக்குள் போடுவது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். சுடிதார், தாவணி என்றாலும் அப்படியே, சொல்லிவிட்டு அரை வரியில் விளக்கம். க்ளாத் என்றால் துணி, க்ளோத்ஸ் என்றால் உடுப்பு. நம்மில் பலர் அதை "க்ளோத்தஸ்" என்று இரண்டு அசையாக இழுக்கிறோம். அது ஒரே அசை, கிட்டத்தட்ட "க்ளோஸ்" மாதிரி. இதைப் பழக ஒரு வாரம் போதும்.

அப்புறம் இரண்டாவது பகுதியான கார்டு. ஒரு நிமிடம் யோசிக்கத் தருவார்கள், பேப்பரும் பென்சிலும் இருக்கும். அதன் பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். வரலாற்றுக் கட்டடம் என்றதும் தாஜ்மகாலுக்கு ஓடாதீர்கள். மதுரைக்காரருக்கு மகால் என்றால் திருமலை நாயக்கர் மகால்தான். அங்கே எப்படியும் ஸ்கூல் டூர் போயிருப்பீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். ஏழெட்டுச் சொல் போதும்: ஸ்கூல் டூர், தூண், அண்ணாந்து, புறா, பேரன், கோர்ட்டு, மறுபடி. ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்று வாக்கியம் தரும்.

தூணில் ஆரம்பியுங்கள். சின்னப் பிள்ளையாகப் போய்த் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தோம், கை எட்டவில்லை. அண்ணாந்து பார்த்தால் கூரையெல்லாம் சுதை வேலைப்பாடு, புறாச் சத்தம். இது நினைவு, யாரும் எழுதித்தர முடியாது. பிறகு கொஞ்சம் கதை. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டினார். இன்று நாம் பார்ப்பது அதில் ஒரு பகுதி மட்டும். அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, மகாலின் பல பகுதிகளைப் பிரித்து அங்கே கொண்டுபோனார். மிச்சம் சிதைந்து கிடந்ததை, 1866-க்கும் 1872-க்கும் இடையில் சென்னை கவர்னர் நேப்பியர் பழுதுபார்க்க வைத்தார். பிறகு வெகுகாலம் நீதிமன்றமாக இருந்தது. "வாஸ் பில்ட்", "வாஸ் டேக்கன் டௌன்", "வாஸ் ரெஸ்டோர்டு" என்று செயப்பாட்டு வினை வரிசையாக வருகிறது பாருங்கள், மாடல் பேப்பரில் தேடியிருந்தாலும் இப்படிக் கிடைக்காது. ஆண்டுகள் மறந்தால் "சுமார் நானூறு வருடம் முன்பு" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சொல்லலாமா என்று ஒரு சந்தேகம் வரும். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதைப் பழைய கட்டடமாக மட்டும் சொன்னால் நமக்கே ஒட்டாது. இன்றைக்கும் பூஜை நடக்கிற இடம், எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை முதலில் அங்கேதான் வைப்போம் என்று உங்கள் வழக்கத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் ஃபேஷன் வேறு, வரலாறு வேறு என்று நினைக்கிறீர்கள். மதுரையில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் முழு உடையை விட்டு அரையாடைக்கு மாறினார். முழு உடை வாங்க முடியாத ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு. இன்று அந்தக் கட்டடத்தில் கதர்க்கடை இருக்கிறது. தமுக்கம் பக்கத்தில், ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் 1959-இல் திறந்த காந்தி மியூசியத்தில், அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. நான் எத்தனையோ முறை அதன் எதிரில் நின்றிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பேச்சு வராது. உடை ஒரு மனிதரைப் பற்றி என்ன சொல்கிறது என்று கார்டுக்குப் பின் வரும் மூன்றாவது பகுதியில் கேட்டால், இதைவிடப் பெரிய உதாரணம் உலகத்தில் எங்கே தேடுவீர்கள்?

அந்த மூன்றாவது பகுதியில்தான் 6-க்கும் 7-க்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்பது என் அனுபவம். அங்கே உங்கள் சொந்த அனுபவத்தைத் தாண்டிப் பொதுவாகப் பேச வேண்டும். பழைய கட்டடங்களுக்கு அரசு பணம் செலவழிக்கலாமா, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாமே என்று கேட்பார்கள். நர்ஸான நீங்கள் இதற்கு எந்தப் பக்கம் பேசினாலும் உண்மையாக இருக்கும். இரண்டு பக்கமும் எடைபோட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. இங்கே உங்களுக்குக் கைகொடுப்பது புதுமண்டபம். கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே, அதுவும் திருமலை நாயக்கர் கட்டியதுதான். சிற்பத் தூண்களுக்கு நடுவே பல காலம் தையல் மெஷின் ஓடியது. வளையல், பாத்திரம், துணி என்று ஒரு கடைத்தெருவே உள்ளே இருந்தது. என் முதல் பாவாடை சட்டை அங்கேதான் தைத்தது. சில வருடங்களுக்கு முன் கடைகளை வெளியே மாற்றினார்கள். சிற்பத்துக்கு நல்லது, எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் தூணைப் பாழாக்கும். தையல்காரருக்கோ தாத்தா காலத்து இடம் போனது. மண்டபத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதே சமயம் தையல்காரர்களுக்குக் கோயிலை ஒட்டியே இடம் தரவேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் மறுத்துப் பேசலாம். எக்ஸாமினருக்கு நீங்கள் எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. "ஆன் தி ஒன் ஹேண்ட்" என்று ஆரம்பித்ததை நடுவில் விட்டுவிடாமல் முடிக்கிறீர்களா என்று பார்ப்பார்.

கேள்வி புரியாவிட்டால் தயங்காமல் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். புரியாமல் எதையோ பேசுவதுதான் ஆபத்து.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. உங்களுக்கு லீவு கிடைக்கும் முதல் நாளில் மகாலுக்குப் போங்கள். காலையில் போனால் கூட்டம் குறைவு. தூணடியில் உட்கார்ந்து, போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, கண்ணால் பார்ப்பதை ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசுங்கள். வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்கள். எங்கே நின்றீர்கள், எந்தச் சொல் வரவில்லை என்று குறித்துவைத்து, அந்தச் சொற்களை மட்டும் படியுங்கள். அடுத்த லீவுக்கு காந்தி மியூசியம். அதற்கடுத்த வாரம் வீட்டில் அம்மாவின் சேலைப் பெட்டியைத் திறந்து உட்காருங்கள். இரண்டு நிமிடம் தாண்டியதும் எக்ஸாமினர் நிறுத்தச் சொல்வார். பயந்துவிடாதீர்கள், நேரம் முடிந்தது என்றுதான் அதற்கு அர்த்தம்.