வெள்ளவத்தை லேன்ல நிக்கிற போட் டிரெய்லருக்கு என்ன பூட்டு போடுறது?

கேள்வி கேட்டவர் சொன்னது இவ்வளவுதான்: 14 அடி ஃபைபர் போட், 15 குதிரை எஞ்சின், செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டிரெய்லர். சனி ஞாயிறு பொல்கொடை வாவிக்குக் கொண்டு போவார், மற்ற நாள் கொழும்பு வெள்ளவத்தையில கடல் பக்கத்து லேன் ஒண்டில வீட்டு மதிலுக்கு வெளியில நிக்கும். எந்தப் பூட்டு நல்லது எண்டு கேக்கிறார்.

நானும் அதே கேஸ்தான், மரைன் டிரைவில இருந்து ரெண்டு வீடு உள்ளுக்கு இருக்கிறன். அதால முதல்ல என்ர மடத்தனத்தைச் சொல்லுறன், பேந்து பூட்டுக்கு வருவம்.

டிரெய்லர் வாங்கின புதுசில, முன்னுக்கு இருக்கிற கப்ளருக்கு (காரின்ர டோ பார் உருண்டைக்கு மேல போய் இருக்கிற அந்தக் கிண்ணம் மாதிரிச் சாமான்) பளபளவெண்டு ஒரு பூட்டு வாங்கிப் போட்டன். பாக்க நகைக்கடைச் சாமான் மாதிரி இருந்துது. மே மாசம் சோளகம் தொடங்கிச்சு, நானும் மழை எண்டு போட்டைத் தொடேல்ல, செப்டம்பர்ல போய்த் திறப்பை விட்டா திரும்பவே இல்லை. கொஞ்சம் அமத்தித் திருப்பினன், திறப்பு பாதி கையில பாதி உள்ளுக்கு. சரியெண்டு பக்கத்து வெல்டிங் கடைப் பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்தன். அவன் பட்டரி கிரைண்டரோட வந்து "அண்ணே கொஞ்சம் தள்ளி நில்லுங்க" எண்டான், நான் தள்ளி நிண்டு மனிசிக்கு போன்ல ஒரு மெசேஜ் அடிச்சு முடிக்கேல்ல, பூட்டு ரெண்டா நிலத்தில கிடக்குது. எடுத்துப் பாத்தா வெளியில மட்டும்தான் குரோம், உள்ளுக்கு ரவை லட்டை உடைச்ச மாதிரி சாம்பல் நிறத்தில பொருபொருவெண்டு இருக்கு. இரும்பே இல்லை, சிங்க் கலந்து வார்த்தது.

அதை விடப் பெரிய விஷயம் என்னெண்டா அவ்வளவு கிரைண்டர் சத்தத்துக்கும் லேன்ல ஒரு சனம் எட்டிப் பாக்கேல்ல. வெள்ளவத்தையில எந்தப் பக்கம் திரும்பினாலும் அபார்ட்மெண்ட் கட்டுறாங்கள், பகல்ல கிரைண்டர் சத்தம் கேட்டா யாருக்கும் வித்தியாசமாவே தெரியாது. கள்ளன் ராத்திரியிலதான் வருவான் எண்டு நினைச்சுக் கொண்டிருக்காதேங்கோ.

அண்டைக்கு எனக்கு ரெண்டு விஷயம் விளங்கிச்சு. கிரைண்டருக்கு நிண்டு பிடிக்கிற பூட்டு கிடையாது, நேரம்தான் கூடக் குறைய எடுக்கும். மற்றது, எங்கட பக்கம் கள்ளன் வர முதலே உப்புக்காத்து வந்து பூட்டை முடிச்சுப் போடும்.

இப்ப கள்ளன்ட பக்கம் நிண்டு ஒருக்கா டிரெய்லரைப் பாருங்கோ, உண்மையாவே போய் முன்னுக்குக் குந்தி இருந்து பாருங்கோ. கப்ளருக்குப் பூட்டுப் போட்டாச்சு, உருண்டை உள்ளுக்குப் போகாது, சரி. ஆனா பக்கத்தில ரெண்டு சேஃப்டி சங்கிலி தொங்குதே, அதை வானின்ர பின்னுக்குக் கொழுவி மெல்ல இழுத்துக்கொண்டு போகலாம், தூரம் போகத் தேவையில்லை, அடுத்த லேனுக்குப் போனாக் காணும். அடுத்தது, கப்ளரை சட்டத்தோட பிடிச்சிருக்கிறதே அனேகமா ரெண்டு போல்ட்தான், ஸ்பானர் ரெண்டு இருந்தா உங்கட பூட்டோடயே கப்ளரைக் கழட்டி வைச்சிட்டு அவன் கொண்டு வந்த கப்ளரைப் போட்டிடுவான். அதாவது 20,000 ரூவாக்குப் பூட்டு வாங்கிப் போட்டு அதைப் பிடிச்சுக் கொண்டிருக்கிறது சாதாரண நட். என்ர டிரெய்லர்ல அந்த நட் ரெண்டையும் போல்ட்டோட சேத்து ஒரு பொட்டு வெல்டிங் அடிச்சு விட்டிருக்கிறன், மேல கல்வனைஸ் பெயிண்ட். அதே வெல்டிங் பொடியன்தான், சல்லிக் காசு. எப்பவாவது கப்ளர் மாத்த வேண்டி வந்தா வெட்டத்தான் வேணும், பரவாயில்லை. சேஃப்டி சங்கிலியை நிப்பாட்டி வைக்கிற நேரம் கழட்டி வீட்டுக்குள்ள வையுங்கோ, இல்லாட்டி அதையும் கீழ சொல்லப் போற சங்கிலிப் பூட்டுக்குள்ள சேத்துக் கொழுவி விடுங்கோ.

சரி, கப்ளர் பூட்டு வாங்கப் போறீங்கள் எண்டா முதல்ல உங்கட கப்ளருக்கு மேல என்ன சைஸ் குத்தியிருக்கு எண்டு பாருங்கோ. இஞ்ச ஓடுறதில 50 மில்லியும் இருக்கு, 2 இஞ்சியும் இருக்கு. 2 இஞ்சி எண்டா 50.8 மில்லி, அந்த 0.8 மில்லிதானே எண்டு விடாதேங்கோ, 2 இஞ்சி உருண்டை வைச்ச பூட்டு 50 மில்லி கப்ளருக்குள்ள ஒழுங்கா உக்காராது, லிவர் (கப்ளரை உருண்டையோட இறுக்கிற கைபிடி) முழுசா மூடாது. மறுவளமாப் போட்டா லொட லொட எண்டு ஆடும், ஆடுற பூட்டுக்குள்ள நெம்புகோல் விட இடம் இருக்கும். லிவருக்கு மட்டும் குத்துற சின்னப் பின் பூட்டு இருக்கு, அது காரோட கொழுவி ஓடுற நேரத்துக்குத்தான் சரி, பொல்கொடைக்குப் போற வழியில ரீ குடிக்க இறங்கினா போடலாம். ராத்திரிக்கு அது காணாது. கிண்ணத்துக்குள்ள உருண்டையும் விட்டு வெளியாலயும் மூடிக்கொண்டு போற வகைதான் வேணும்.

வாங்க பழைய சோனகத் தெருவுக்குப் போங்கோ, போகேக்க சட்டைப் பையில ஒரு காந்தம் கொண்டு போங்கோ. இதை எனக்குச் சொல்லித் தந்தது அங்க ஹார்ட்வெயார் வைச்சிருக்கிற ஒரு நானா. முதல் பூட்டு வெட்டுப்பட்ட கதையைச் சொல்ல மனுசன் சிரிச்சுப் போட்டு மேசையில நாலு பூட்டை வைச்சார், "தம்பி கண்ணால பாக்காதீங்க, கையில தூக்கிப் பாருங்க" எண்டார். பிறகு மேசை லாச்சியில இருந்து ஸ்பீக்கர் காந்தம் ஒண்டை எடுத்து ஒவ்வொண்டிலயும் வைச்சார், ரெண்டில ஒட்டேல்ல. காந்தம் ஒட்டாட்டி அது பித்தளையா இருக்கலாம், சிங்க்கா இருக்கலாம், அலுமினியமா இருக்கலாம், நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாவும் இருக்கலாம், அதால காந்தம் ஒட்டேல்ல எண்டு உடன கூடாது எண்டு தள்ளவும் ஏலாது. ஆனா "ஹார்டன்ட் ஸ்டீல்" (பதப்படுத்தின இரும்பு) எண்டு எழுதியிருக்கிற சாமான்ல காந்தம் ஒட்டாட்டி எழுதினவன் பொய் சொல்லுறான்.

இதில ஒரு இழுபறி இருக்கு, அதை ஒருத்தரும் வடிவாச் சொல்லுறேல்ல. பதப்படுத்தின இரும்பு வெட்டுக்கு நிண்டு பிடிக்கும், ஆனா கடற்கரையில துருப் பிடிக்கும். கடலுக்கு எண்டு விக்கிற 316 ஸ்டெயின்லெஸ் துருவுக்கு நிண்டு பிடிக்கும், ஆனா அந்தளவு கடினம் இல்லை, போல்ட் கட்டருக்கும் வாளுக்கும் கெதியா விட்டுக் குடுத்திடும். ரெண்டும் ஒரு பூட்டில வேணும் எண்டா காசு எகிறும். என்ர முடிவு, பூட்டின்ர வளையம் (கொழுவுற வளைஞ்ச கம்பி) பதப்படுத்தின இரும்பா இருக்கட்டும், துருவை நான் பாத்துக் கொள்ளுறன். நீங்கள் மாசத்துக்கு ஒருக்காக் கூடப் பூட்டைத் தொட மாட்டீங்கள் எண்டா ஸ்டெயின்லெஸ்க்குப் போங்கோ, துருவி இறுகிப் போன நல்ல பூட்டை விட திறக்கக்கூடிய சுமார் பூட்டு நல்லம்.

சங்கிலிக்கு ஆமைப்பூட்டு எடுக்கிறீங்கள் எண்டா வளையம் வெளியில கனக்கத் தெரியாததா எடுங்கோ, வட்டமா தட்டு மாதிரி இருக்கிற வகை, இல்லாட்டி தோள் ரெண்டும் உயர்ந்து வளையத்தை மூடியிருக்கிற வகை. வெளியில நீட்டிக்கொண்டிருக்கிற வளையம் எண்டா கட்டரின்ர வாய் வடிவா உள்ளுக்குப் போகும். மலிவுப் பூட்டு சிலதை சோடா ரின்னில வெட்டின தகரத் துண்டை வளையத்தோட விட்டே திறக்கலாம், வளையத்தை உள்ளுக்கு ரெண்டு பக்கமும் சின்ன இரும்புக் குண்டு வைச்சுப் பிடிக்கிறதில அந்த வேலை சரிவராது. ஐரோப்பியச் சாமான்ல ஈஎன் 12320 எண்டு போட்டு 1 இல இருந்து 6 வரைக்கும் தரம் குடுத்திருப்பாங்கள், 4க்குக் குறையப் போக வேணாம். லண்டன்ல சொந்தக்காரர் இருந்தா (வெள்ளவத்தையில ஆருக்கு இல்லை) சோல்ட் செக்கியூர் எண்ட பிரிட்டிஷ் பரிசோதனை முத்திரை இருக்கிறதாப் பாத்து வாங்கி வரச் சொல்லுங்கோ, அதில கோல்ட், அதுக்கு மேல டயமண்ட். என்ர மாமா போன வருஷம் வரேக்க சங்கிலியும் சேத்துக் கொண்டு வந்தவர், 16 மில்லி சங்கிலி மீட்டருக்கு அஞ்சு கிலோவுக்கு மேல வரும், ரெண்டு மீட்டர் கேட்டிருந்தன், மாமி இண்டைக்கு வரைக்கும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்ல.

சங்கிலி எண்டு வந்தா, ஹார்ட்வெயார்ல அடியாலயோ கிலோவாலயோ வெட்டித் தாற வெள்ளைச் சங்கிலி மாடு கட்டத்தான் சரி. 10 மில்லி எண்டு சொன்னாலும் அது மெல்லிரும்பு, நீளக் கைபிடி கட்டருக்கு பலகாரம் மாதிரி. சங்கிலியை நிலத்தில கிடக்க விடவும் வேணாம். கட்டரின்ர ஒரு கையை நிலத்தில ஊண்டி மற்றக் கையில ஏறி நிண்டா முழு உடம்புப் பாரமும் வெட்டுக்குப் போகும், சங்கிலி அந்தரத்தில இறுக்கமா இருந்தா அவனுக்கு அந்த வசதி இல்லை. சில்லுக் கம்பிக்குள்ளால மட்டும் விடாதேங்கோ, சில்லு நாலு நட்டில கழண்டிடும். சில்லுக்குள்ளாலயும் சட்டத்தின்ர குறுக்குக் கம்பியாலயும் சேத்து விட்டு, நிலத்தில கொங்கிரீட்டில பதிச்ச வளையத்துக்கோ வீட்டுத் தூணுக்கோ கட்டுங்கோ. கேற் கம்பியில கட்டுறவையும் இருக்கினம், கேற்றைத் தூக்கி எடுத்தா கேற்றும் போகும் போட்டும் போகும்.

சில்லுக்குப் போடுற கிளாம்ப் நல்லம்தான், கண்ணுக்குத் தெரியுறதால கள்ளன் வேற இடம் பாப்பான். ஆனா காத்தைத் திறந்து விட்டா டயர் சூம்பிப் போய்ச் சில கிளாம்ப் கழண்டு வரும், வாங்கினதும் நீங்களே ஒருக்காக் காத்தை விட்டுப் பாருங்கோ. நட்டுகளை மூடாத கிளாம்ப் வாங்க வேணாம், கிளாம்ப்போட சில்லைக் கழட்டிப் போட்டிட்டு வேற சில்லு போடுறது அஞ்சு நிமிஷ வேலை. கனநாள் போகப் போறதில்லை எண்டா, உதாரணத்துக்கு முழுச் சோளகத்துக்கும், கிளாம்ப் எல்லாத்தையும் விட நான் செய்யுறது ஒரு சில்லையே கழட்டி வீட்டுக்குள்ள வைக்கிறது. அச்சுக்குக் கீழ, ஸ்பிரிங் இருக்கிற இடத்துக்குக் கிட்ட சீமெந்துக் கல்லு வைச்சுத் தூக்கி விடுங்கோ, சட்டத்தின்ர நுனியில முட்டுக் குடுத்தா போட் பாரத்தில வளையும். சில்லு இப்ப எங்கட படிக்குக் கீழ, அம்மா அதுக்கு மேல வெங்காயக் கூடை வைச்சிருக்கிறா.

எஞ்சினை மறந்து போட்டு எல்லாரும் டிரெய்லரைப் பத்தித்தான் கேக்கிறது. 15 குதிரை எஞ்சின் 40 கிலோ சொச்சம், ரெண்டு பேர் தூக்கி ஆட்டோவில வைச்சாங்கள் எண்டா முடிஞ்சுது, டிரெய்லரை விக்கிறதை விட எஞ்சினை விக்கிறது லேசு. அந்த சைஸ் அனேகமா ரெண்டு கைத்திருகாணியாலதான் போட்டின்ர பின்பலகையில இறுக்கியிருக்கும், அந்த ரெண்டு கைபிடியையும் சேத்து மூடுற குழாய் மாதிரிப் பூட்டு இருக்கு, அதைப் போடுங்கோ, இல்லாட்டி போட் லேன்ல நிக்கிற நாள் எஞ்சினைக் கழட்டி உள்ளுக்குக் கொண்டு போங்கோ. எனக்கு முதுகு சரியில்லை, அதால பூட்டு. எஞ்சின் பிராக்கெட்டில இருக்கிற சீரியல் நம்பரையும் டிரெய்லர் சட்டத்து நம்பரையும் வடிவாப் படம் எடுத்து வையுங்கோ, பிறகு 119க்கு அடிச்சோ ஸ்டேசனுக்குப் போயோ முறைப்பாடு போடேக்க "வெள்ளைப் போட், நீல டிரெய்லர்" எண்டு சொல்லிக் கொண்டு நிக்க வேண்டி வராது.

நிப்பாட்டுற விதத்துக்குக் காசே இல்லை: கப்ளர் மதில் பக்கம், பின்பக்கம் றோட்டுப் பக்கம், அதுக்குக் குறுக்க உங்கட கார். கொழுவ வேணும் எண்டா அவன் முதல்ல காரை எடுக்க வேணும்.

டிராக்கர் போடலாம், அது களவைத் தடுக்காது, போன பிறகு தேடத்தான். எயார்டேக் எண்டா பக்கத்தில ஆற்றையோ ஐபோன் போனாத்தான் இடம் காட்டும், கொழும்புக்குள்ள பரவாயில்லை, ஆனா கள்ளன்ட கையில ஐபோன் இருந்தா "உங்களோட ஒரு டேக் வருகுது" எண்டு அவனுக்கே சொல்லிக் குடுத்திடும். சிம் போடுற ஜிபிஎஸ் அதை விடத் திறம். ரெண்டில எதெண்டாலும் இரும்புச் சட்டத்துக்குள்ள ஒளிக்காதேங்கோ, சிக்னல் போகாது, ஃபைபர் பக்கம் சீட்டுக்குக் கீழ வையுங்கோ.

கடைசியா பராமரிப்பு, இதிலதான் நான் முதல் தரம் கோட்டை விட்டது. போட்டைத் தண்ணிக்குள்ள இறக்க முதல் பூட்டு எல்லாத்தையும் கழட்டி காருக்குள்ள போடுங்கோ. வீட்டை வந்ததும் நல்ல தண்ணியால அலசிக் காய விட்டு சிலிக்கன் ஸ்பிரே இல்லாட்டி டெஃப்லான் ஸ்பிரே அடிக்கிறது. டபிள்யூடி-40 ஸ்பிரே தண்ணியைத் துரத்தும், ஆனா கனநாள் நிக்காது, அதை அடிச்சுப் போட்டு வேலை முடிஞ்சுது எண்டு இருக்க வேணாம். தேங்காயெண்ணெய் விடுற ஆக்கள் இருக்கினம், தயவு செய்து வேணாம், தூசியும் மணலும் சேந்து உள்ளுக்குப் பாகு மாதிரி ஆகிடும். திறப்பு ஓட்டை கீழ பாக்கத் தொங்க விட்டு, பழைய சைக்கிள் டியூப்பில நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி உறை மாதிரிப் பூட்டுக்கு மேல இழுத்து விட்டிருக்கிறன், மூண்டு சோளகம் போயிட்டுது, திறப்பு இப்பவும் வெண்ணெய்க்குள்ள போற மாதிரிப் போகுது. ஞாயிறு பேப்பர் எடுக்க வெளியில வாற நேரம் ஒருக்காத் திறந்து மூடுவன்.

நீங்கள் செகண்ட் ஹேண்ட் எண்டு எழுதியிருந்தீங்கள். வித்தவர் பூட்டும் சேத்துத் தந்திருந்தா எத்தினை திறப்பு தந்தவர் எண்டு எண்ணிப் பாருங்கோ, புதுசில ரெண்டு மூண்டு குடுப்பாங்கள். உங்களிட்ட ஒண்டுதான் இருக்கு எண்டா மற்றதெல்லாத்தையும் விட்டிட்டு அந்தப் பூட்டை இண்டைக்கே மாத்துங்கோ.