கிட்டாரின் 5வது ஃபிரெட்டில் மட்டும் கரகரப்பு: பழைய ஏடிஎம் கார்டு போதும்

கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃபிரெட். அதில் எது மேடு என்று பார்க்கும் ஃபிரெட் ராக்கர் என்ற கருவியை வாங்க வேண்டாம். காலாவதியான ஏடிஎம் கார்டின் நீளப் பக்கத்தில் 60 மி.மீ. அளந்து வெட்டுங்கள். ஃபிரெட் மேல் உட்கார வேண்டியது கார்டின் சொந்த விளிம்பு. கத்தரிக்கோல் வெட்டு நேராக இருக்காது.

மூன்றாவது கம்பியை 5இல் பிடித்தால் மட்டும் கரகரக்கிறது, மற்ற இடங்கள் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெரும்பாலும் குற்றவாளி 5 அல்ல, அடுத்த 6. கம்பியைத் தளர்த்தி விலக்கிவிட்டு, கார்டை 5, 6, 7 மூன்றின் மேலும் செங்குத்தாக நிறுத்தி, இரு முனையையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் நடு ஃபிரெட் மேடு.

உடனே அரத்தைத் தேடாதீர்கள். ஐஸ்கிரீம் குச்சியால் 6ஐ அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கி மறுபடி எழும்பினால் அது கழன்றிருக்கிறது. சின்ன மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினால் உட்கார்ந்துவிடும். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் தேய்த்தேன். அப்புறம் ஃபிரெட் தானாக அமர்ந்து பள்ளமாகி, 6இல் பிடித்தால் 7இல் இடிக்க ஆரம்பித்தது. வேண்டாத வேலை.

ஒன்று கவனியுங்கள்: 60 மி.மீ. என்பது 648 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) கிட்டாரில் இந்தப் பகுதிக்கான கணக்கு. 12வது பக்கம் போனால் ஃபிரெட்கள் நெருங்கி, கார்டு நான்கைத் தொட்டுப் பொய் சொல்லும். அங்கே 45 மி.மீ. துண்டு வேண்டும்.